மணிக்காக எடுத்த முடிவு
பதினான்கு வயதாகும் எங்கள் நாய் மணிக்குப் பின்னங்கால்கள் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன. அம்மா பிசைந்து வைக்கும் தயிர்ச்சோற்றைக்கூட முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் செல்லப்பிராணிகளின் வாழ்க்கைத் தரத்தை மதிப்பிட வகுத்த அளவுகோலின்படி, வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்பது ஆகிய ஏழுக்கும் தலா 10 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35-ஐத் தாண்டினால் பராமரிப்பைத் தொடரலாம். வலி என்பதில் மூச்சுத்திணறலும் அடங்கும். (அம்மா தாராளமாக மதிப்பெண் போடுகிறார்.) ‘தானாகப் போகட்டும்’ என்று உறவினர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை, மூச்சுக்குத் தவிக்கும் இரவுகளை இயற்கை என்ற பெயரில் அவன்மீது சுமத்த எனக்கு மனமில்லை. முதலில் மயக்க மருந்து, அவன் நன்றாக உறங்கிய பிறகே இறுதி ஊசி என்று விளக்கிய மருத்துவர், வீட்டிற்கே வரவும் சம்மதித்துள்ளார். தம்பி ஊரிலிருந்து வந்ததும் ஞாயிற்றுக்கிழமை அவரை அழைக்கவிருக்கிறோம்.