தண்ணீர் புகுந்த வீட்டில் லைட் எரிந்தால் மட்டும் போதாது

மழை விட்டு, வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடிந்ததும் எலக்ட்ரீஷியன்களான எங்களுக்கு வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். "அண்ணே, வீட்டைக் கழுவி விட்டாச்சு, நல்லா வெயிலும் அடிச்சிடுச்சு, மெயினைப் போட்டுக்கலாமா?" போடாதீங்க என்றுதான் சொல்வேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முடிச்சூர் பக்கமும், 2023இல் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை பக்கமும் இடுப்பளவு தண்ணீர் நின்ற வீடுகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சுவர் காய்ந்துவிடும், சுவருக்குள் வயர் போகிற பைப் அவ்வளவு சீக்கிரம் காயாது. தரைக்கு அடியில் பைப் இறங்கி ஏறுகிற வளைவில் தண்ணீர் தேங்கி நிற்கும். வயரை உருவினால் கூடவே சேறும் வரும்.

வயரின் மேலுள்ள பிவிசி தோல் சில நாள் தண்ணீரைத் தாங்கும், அது பிரச்சினை இல்லை. பழைய வீடுகளில் வயர் பத்தாத இடத்தில் பைப்புக்குள்ளேயே ஜாயின்ட் அடித்து டேப் சுற்றித் தள்ளிவிட்டிருப்பார்களே, அதுதான் பிரச்சினை. அப்புறம் சுவிட்ச் போர்டு. பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள், பாக்ஸின் அடியில் வண்டல் படிந்து காய்ந்திருக்கும், பிளக்கின் பித்தளை முனைகளில் பச்சையாகப் பூத்திருக்கும். அதைத் துடைத்துவிட்டு மாட்டினால் லைட் எரியும், மோட்டார்கூட ஓடும். ஆனால் அந்த முனையில் பிடிப்பு சரியாக இருக்காது, கோடையில் ஏசியை மணிக்கணக்கில் ஓட்டும்போது அங்கே சூடேறி பிளக் உருகும். எம்சிபி (கரன்ட் அளவுக்கு மீறினால் தானாக அணைகிற சுவிட்ச்) விழாதா என்று கேட்பார்கள். விழாது, ஏனென்றால் கரன்ட் கூடவில்லை, அந்த ஒரு இடம்தான் கொதிக்கிறது. அதனால் தண்ணீரில் மூழ்கிய சுவிட்ச், பிளக், எம்சிபி எதையும் காயவைத்து மாட்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். வயரை மட்டும், தோல் வழியே கரன்ட் கசிகிறதா என்று அளக்கிற மெக்கர் மீட்டர் வைத்து 500 வோல்ட்டில் பார்த்து, ஒரு மெகா ஓமுக்குக் குறைவாகக் காட்டுகிற லைனை உருவிவிட்டுப் புது வயர் இழுங்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே சார்" என்று சொல்பவரிடம் மெக்கர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

சரி, புதிதாகத்தான் இழுக்கப் போகிறோம் என்று முடிவானதும் பேச்சு எங்கே போகும் தெரியுமா? சுவிட்ச் என்ன கலர், கண்ணாடி மாதிரி பளபளவென்று வருகிறதே அந்த மாடல் என்ன விலை. கசிகிற கரன்ட்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை! பல பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மேல் ஓட்டைக்கு எர்த் வயரே வந்திருக்காது. இதைவிட மோசம், யாரோ ஒருவர் அந்த ஓட்டையை நியூட்ரலோடு ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பார். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜ் கதவிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். எட்டு, பத்து அடிக்குக் குழி தோண்டி, ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு ஒழுங்காக ஒரு எர்த் போடுகிற செலவு ஹால் சீலிங்கில் வைக்கிற கலர் லைட் செலவில் ஒரு பங்குதான்.

அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கண்டிப்பாக வேண்டும். எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஒரு ஆளைக் கொல்ல அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை, 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது ஒரு கணக்கே இல்லை. ஆர்சிசிபி, ஃபேஸில் போன கரன்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், வழியில் எங்காவது கசிந்தால் சட்டென்று விழுந்துவிடும். "அது சும்மா சும்மா விழுதுன்னு பக்கத்து வீட்டுல கழட்டிட்டாங்க" என்று சொல்வார்கள். சும்மா விழாது. பெரும்பாலும் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு கலந்து வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கீசர் காயில் போயிருக்கும். இன்வெர்ட்டருக்கு டிபியிலிருந்தே (எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி) தனி நியூட்ரல் இழுத்தால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

பைப் பதிக்கச் சுவரில் காடி எடுக்கும்போதே பிளக்குகளைப் போன முறை தண்ணீர் நின்ற கறைக்கு மேலே ஏற்றிவிடுங்கள். டிவிக்குப் பின்னால் வயர் தொங்குகிறது, அழகு கெடுகிறது என்று இன்டீரியர்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும். கீழ்த்தளத்துக்கும் மாடிக்கும் தனித்தனி லைன் பிரித்து டிபியை மாடியில் வைத்தால், தண்ணீர் வாசலுக்கு வரும்போதே கீழே மொத்தமாக அணைத்துவிட்டு மாடியில் ஃபேன் போட்டு உட்காரலாம். பைப் பதித்த பிறகு, கொத்தனார் பூசுவதற்கு முன்னால், ஒவ்வொரு சுவரையும் அளவு டேப் பிடித்து போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடிவந்த பிறகு அலமாரி மாட்ட வருகிற ஆள் டிரில்லை எங்கே வைப்பார் என்று யாருக்கும் தெரியாது.