கிளட்ச் மாற்றக் கொடுத்த வண்டியும் 41 நாள் அலைச்சலும்

போன சனிக்கிழமைதான் வண்டி ஒழுங்காகிக் கைக்கு வந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், இதே மாதிரி ஷோரூமுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிற யாருக்காவது உதவும்.

நான் இருப்பது சேலம் கோரிமேட்டில், வேலை ஏற்காட்டில். வாரத்தில் ஆறு நாள் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி இறங்கணும். வண்டி 150 சிசி கியர் பைக், வாங்கி நாலு வருஷம், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜின் சுற்றுவதைப் பிடித்துச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது கிளட்ச் பிளேட்டுகள்தான், அந்த மலை ரோட்டில் கம்பெனி பிளேட் அவ்வளவு தூரம் தாங்கியதே பெரிசு. தேய்ந்துவிட்டது என்று எனக்கே தெரிந்ததால் வாங்கிய ஷோரூமிலேயே விட்டேன். காலையில் விட்டு சாயங்காலம் எடுத்தேன், பில் 4,860 ரூபாய். பணத்தைக் கட்டி, பில்லை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். படித்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே ஒரு நிமிஷம் நின்று படித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

மறுநாள் காலையில் ஏழாவது வளைவு. இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரைத் திருகுகிறேன், ரேஸ் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. ஓரமாக ஒதுங்கி நிறுத்தியபோது கருகின வாடை. புது கிளட்ச் போட்டு முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை.

அதற்கடுத்த நாள் ஆபீஸுக்கு லீவ் சொல்லிவிட்டு ஷோரூம் போனேன். சர்வீஸ் அட்வைசர் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "புது பிளேட் சார், செட் ஆகறதுக்கு ஒரு 500 கிலோமீட்டர் ஆகும்" என்றார். கேபிளைக் கொஞ்சம் லூசாக்கிக் கொடுத்தார். புதுசு என்றால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்தானே என்று நானும் நம்பிவிட்டேன். பத்து நாள் அதே வண்டியில், மூன்றாவது கியரில் ஏறவேண்டிய இடத்தையெல்லாம் முதல் கியரில் உருட்டிக்கொண்டு போனேன். 500 தாண்டியது. வழுக்கல் கூடியதே தவிர குறையவில்லை.

மறுபடி போனேன். இந்த முறை வண்டியை விட்டுப் போகச் சொன்னார்கள். வண்டியை என்ன வேலைக்கு விட்டோம் என்று பதிந்து தருகிற சீட்டு, ஜாப் கார்டு, கேட்டேன். "சும்மா செக் பண்ணத்தானே சார், அதுக்கெதுக்கு ஜாப் கார்டு, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" அந்தக் கடைசி வார்த்தையில் நான் தயங்கிவிட்டேன். யாரும் இப்படித் தயங்காதீர்கள். ஜாப் கார்டு இல்லையென்றால் அன்று அந்த வண்டி அங்கே வந்ததற்கே ஆதாரம் கிடையாது. பின்னால் இதே ஷோரூமில், "சார் ஒரே ஒரு தடவைதான் கம்ப்ளைன்ட்னு வந்திருக்கார், சிஸ்டத்துல அப்படித்தான் இருக்கு" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நல்லவேளையாக விடும்போது மீட்டரை ஃபோட்டோ எடுத்து அதே அட்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன்.

மூன்று நாள் பஸ்ஸில் போய்வந்தேன். நாலாவது நாள் கூப்பிட்டு, "நல்லா ஓட்டிப் பாத்துட்டோம் சார், வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க கிளட்ச் லீவரைப் பாதி பிடிச்சபடியே, அரை கிளட்ச்சுல ஓட்றீங்க, அதான்" என்றார்கள். மீட்டரைப் பார்த்தேன். நான் விட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு கிலோமீட்டர். ஷோரூம் வாசலில் ஒரு வட்டம் அடித்திருப்பார்கள். நாலு வருஷம் அதே மலையில் அதே கையால் ஓட்டி 38,000 கிலோமீட்டர் முதல் கிளட்ச்சைக் காப்பாற்றியவனிடம், உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்குக் கத்தியிருப்பேன், ஆனால் கத்தினால் அவர்கள் பேச்செல்லாம் வண்டியை விட்டுவிட்டு என் கோபத்தைப் பற்றியே ஆகிவிடும் என்று தோன்றியது. "நீங்க சொன்னதை எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேட்டேன். எழுதித் தரவில்லை. சரி என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் மச்சான் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நின்றான், அவனைச் சமாதானப்படுத்துவது தனி வேலையாகிவிட்டது.

கோரிமேட்டில் பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் உண்டு. அவரிடம் காட்டினேன். டாப் கியரில் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினார், உடனே இறங்கிவிட்டார். "கிளட்ச் ஸ்லிப் ஆகுது தம்பி. ஆனா நான் கழட்ட மாட்டேன். நான் ஸ்பேனர் வெச்சேன்னா, வெளியில பிரிச்சிட்டாங்கன்னு சொல்லி உங்களைத் துரத்திவிட்ருவாங்க. பில்லை எடுங்க பாப்போம்." அவர் அன்று வண்டியைக் கழற்றாமல் விட்டதுதான் எனக்குச் செய்த பெரிய உதவி. பிரச்சினை எழுத்தில் பதிவாகும் வரை வெளியே ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பவிடாதீர்கள்.

பர்ஸிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு வரியாக வந்தவர் ஆயில் வரியில் நின்றார். 10டபிள்யூ-30, எம்பி, 800 மில்லி. "இது ஸ்கூட்டர் ஆயிலாச்சே" என்றார்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கியர் வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே முங்கிக் கிடக்கும். அதனால் இன்ஜினுக்கு வழவழப்பும் வேண்டும், பிளேட்டுகள் ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும். அப்படித் தயாரித்த ஆயிலில் ஜேசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கும், ஜேசோ என்பது ஜப்பான்காரர்கள் வைத்த தரக்குறியீடு. ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்வாக இருக்கிறது, ஆகவே அந்த ஆயிலை எவ்வளவு வழுக்கலாக வேண்டுமானாலும் செய்யலாம், மைலேஜ் கூடும். அதுதான் எம்பி. அதைக் கியர் வண்டியில் ஊற்றினால் சமதளத்தில் உடனே தெரியாமல்கூடப் போகலாம், மலையில் பளு ஏறும்போது பிளேட் பிடிக்காமல் வழுக்கிச் சூடேறிக் கருகும். வீட்டுக்கு வந்து வண்டியோடு கொடுத்த புத்தகத்தைத் தேடி எடுத்தேன். எம்ஏ2, ஆயில் மாற்றும்போது 1 லிட்டர் என்று தெளிவாக இருக்கிறது. ஆக, ஆயிலும் தப்பு, அளவும் தப்பு. இரண்டும் அவர்கள் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது.

அன்று ராத்திரி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். தேதி, கிலோமீட்டர், யார் என்ன சொன்னார், பில் நகல், புத்தகத்தின் அந்தப் பக்கத்தின் நகல், அவ்வளவுதான். திட்டு ஒன்றும் எழுதவில்லை. ஷோரூம் மேனேஜரிடம் கொடுத்து, என்னிடம் இருந்த நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்தும் சீலும் கேட்டேன். அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார். "ரெண்டு நாள்ல கூப்பிடறோம்" என்றார். ஒரு வாரம் ஆனது, போன் வரவில்லை.

அப்புறம் கம்பெனியின் கஸ்டமர் கேரில் புகார் பதிந்தேன். அவர்கள் அந்தப் புகாரை அதே ஷோரூமுக்குத்தான் தள்ளிவிடுகிறார்கள். மூன்றாவது நாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது! யார் தீர்த்தது? வண்டி என் வீட்டு வாசலில் சாக்கு போர்த்தி நிற்கிறது. இப்படி ஒரு மெசேஜ் வந்தால் சோர்ந்து விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே 'தீரவில்லை, மறுபடி திறக்கவும்' என்று எழுத்தில் பதில் போடுங்கள். நான் போட்டேன். மறுநாளே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும் கூப்பிட்டேன். தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. அவர்களுக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் கிடையாது, புகாரைக் கம்பெனிக்கு எடுத்துப்போய் பதில் கேட்பார்கள். ஆனால் அந்த வழியாகப் போன புகாரை ஷோரூம்காரர்களால் தாங்களே மூடிவிட முடியவில்லை.

அதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் தயாராகவே இருந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு, நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, வக்கீல் வைத்தே ஆகணும் என்றும் இல்லை. இதையெல்லாம் மிரட்டலாக எழுதாமல், அடுத்து இதைத்தான் செய்யப்போகிறேன் என்று ஒரே வரியாகக் கம்பெனி மெயிலில் சேர்த்தேன். ஒரு வாரத்தில் ஏரியா சர்வீஸ் மேனேஜர் என்று ஒருவர் கூப்பிட்டார். சனிக்கிழமை நேரில் வருகிறேன், என் முன்னால்தான் பிரிக்கணும் என்றேன். சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமையை மறக்க மாட்டேன். வண்டியை மெதுவாக உருட்டிப் போய்ச் சேர்ந்ததும் ஷோரூம் மேனேஜர் எடுத்த எடுப்பில், "பில்லுல மட்டும் தப்பா ஏறியிருக்கு சார், ஊத்தினது பைக் ஆயில்தான்" என்றார். நான் எதிர்பார்த்த பதில்தான். "அப்படின்னா இறக்கி அளந்து பாத்துடலாமே" என்றேன். ஏரியா மேனேஜர் தலையாட்டினார். அளவு ஜாடியில் பிடித்தார்கள். 760 மில்லி. யாரும் ஒன்றும் பேசவில்லை. சைடு கவரைக் கழற்றினால் இரும்பு பிளேட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருக்கின்றன, மற்றவை கருகிப் போயிருக்கின்றன. ஏரியா மேனேஜர் ஒரு பிளேட்டை மோந்து பார்த்துவிட்டு அட்வைசரைத் திரும்பிப் பார்த்தார்.

உடனே ஷோரூம் மேனேஜர் அந்த வேலையைச் செய்த பையனைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் சத்தம் போட ஆரம்பித்தார். ஐடிஐ முடித்து ஆறு மாசம்தான் ஆகியிருக்கும் போல. முகம் செத்துப்போய் நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆயிலை எடுத்துக் கொடுத்தது ஸ்பேர் கவுண்டர், கடைசியா பாத்துக் கையெழுத்து போட்டது அட்வைசர், மூணு வாரமா எனக்குப் பதில் சொல்லாதது நீங்க. தம்பியை ஏன் திட்றீங்க?" என்றேன். 41 நாளில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

புது பிளேட் செட், ஸ்பிரிங், கேஸ்கெட், சரியான ஆயில் 1 லிட்டர், லேபர் எல்லாம் இலவசம். ஆயில் குறைவாக 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருப்பதால் ஆறு மாசத்துக்குள் இன்ஜினில் சத்தமோ கோளாறோ வந்தால் தங்கள் செலவில் பார்த்துத் தருவதாக லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன், அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் பேச வேண்டியிருந்தது. கருகிய பிளேட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டேன், ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன். பஸ் செலவும் லீவ் போட்ட நாளும் கேட்டேன், தரவில்லை. அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

திங்கட்கிழமை ஏழாவது வளைவை மூன்றாவது கியரில் ஏறினேன். அடுத்த ஆயில் மாற்ற இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. அதே ஷோரூமுக்குத்தான் போகணும், அந்த லெட்டர் செல்லுபடியாகணுமே. ஆயில் டப்பாவை என் முன்னால் திறந்து ஊற்றச் சொல்லி இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பையன்தான், "நானே காட்டிட்டு ஊத்தறேன்ணா" என்றான்.