தலையணைக்கடியில் வர்க்கி

கோத்தகிரி வீட்டுக்கு வந்த புதுசுல பெரியவ தலையணைக்கடியில வர்க்கி பிஸ்கட்டை ஒளிச்சு வைப்பா. தம்பிக்கு ராத்திரி பசிச்சா யார் தருவாங்கன்னு பயம். நான் எடுக்கவே மாட்டேன். காலையில தூளை மட்டும் தட்டிவிடுவேன். என்னைக்கு நிறுத்தினான்னு தெரியல.

குழந்தைகள் நலக் குழு மூலமா வளர்ப்புப் பராமரிப்புல, அதாவது தத்தெடுக்காம வீட்டுல வச்சு வளர்க்கிற ஏற்பாட்டுல, வந்த பிள்ளைங்க. முன்னாடி இப்படி வளர்க்கிறவங்க அந்தப் பிள்ளைங்களைத் தத்தெடுக்க 5 வருஷம் காத்திருக்கணும். மத்திய அரசோட 2024 வழிகாட்டுதல்ல அது 2 ஆச்சு. தத்து உத்தரவும் இப்போ கோர்ட்ல இல்ல, கலெக்டர்தான் தர்றாங்க. கைக்குழந்தைதான் வேணும்னு காத்திருக்கிறவங்க, ஆறு வயசு தாண்டினவங்களையும் ஒருதரம் நினைச்சுப் பாருங்க.

நேத்து ஊட்டியில உத்தரவு வாங்கிட்டோம். தொட்டபெட்டா பக்கம் பஸ் மூடுபனிக்குள்ள ஊர்ந்துச்சு. சின்னவன் என் ஸ்வெட்டரைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, இனிமே எங்களைக் கூட்டிட்டுப் போக யாரும் வரமாட்டாங்கல்ல?"ன்னான்.

"வரமாட்டாங்கடா தங்கம்."

அப்படியே தூங்கிட்டான்.