ஈர மண்ணில் காயும் மரங்கள்: ஒரு கோடையின் நாட்குறிப்பு

பிப்ரவரி 9

மழை இரண்டாவது ஆண்டாகப் பொய்த்துவிட்டது. இந்தக் கோடை முழுவதும் நாற்பது மரங்களைத் தொடர்ந்து அளக்கப் போகிறேன். இருபது மரங்கள் மேட்டுச் சரிவில் இருக்கின்றன. இருபது, ஓடையை ஒட்டிய தாழ்விடத்தில். மேட்டில் ஒரு முழ ஆழத்துக்குக் கீழே சரளையும் பாறையும்தான். தாழ்விடத்தில் தோண்டத் தோண்டக் களிமண். கருமருது இரண்டு இடங்களிலும் வளர்கிறது. தாழ்விடத்தில் அதனுடன் நாவலும் சேர்ந்து நிற்கிறது. மேட்டுக் கருமருது குட்டையாக, முறுக்கேறி இருக்கும். தாழ்விடத்தில் நிற்பது அதே வயதுள்ளதாயினும் இரண்டு மடங்கு உயரம்.

ஒவ்வொரு மரத்திலும் மார்பளவு உயரத்தில் மெல்லிய உருக்கு நாடாவைச் சுற்றி, அதன் முனையைச் சுருள்வில்லால் இழுத்துக் கட்டியிருக்கிறேன். அடிமரம் பருத்தாலும் சுருங்கினாலும் நாடா காட்டிவிடும். வறட்சி நீடித்தால் மேட்டு மரங்களே முதலில் சாகும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் மையால் எழுதி வைத்தேன். பிற்பாடு நினைவை வளைத்து என்னை நானே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது அல்லவா.

பிப்ரவரி 21

துளைப்பானை இறக்கி இரண்டு இடங்களிலும் மண் எடுத்து, அடுப்பில் உலர்த்தி எடை பார்த்தேன். களிமண்ணில் இருந்த நீர், சரளை மண்ணில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதைக் கண்டு தாழ்விடத்து மரங்கள் நிம்மதியாக இருக்கின்றன என்று முடிவுகட்டினால் அது தவறு. மண்ணில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதை மண் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்பது வேறொரு கேள்வி. மரத்துக்குப் பொருட்டு இரண்டாவதுதான். களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணியவை, அவற்றுக்கிடையே உள்ள துளைகளும் அப்படியே. அந்தத் துளைகளில் ஒட்டியிருக்கும் நீரை உறிஞ்ச வேர் மிகுந்த விசையோடு இழுக்க வேண்டும். மணலும் சரளையும் கொஞ்சமாகவே நீர் வைத்திருக்கும், ஆனால் இருக்கிற நீரை எளிதில் விட்டுக்கொடுக்கும். தொட்டால் ஈரமாகத் தெரியும் களிமண்ணிலேயே ஒரு மரம் தாகத்தில் வாடலாம்.

இதற்கு மேல் இறுகினால் வேரால் நீரை இழுக்க முடியாது, செடி வாடிவிடும் என்று பாடநூல்கள் ஓர் எல்லை சொல்லும்: -1.5 மெகாபாஸ்கல். மெகாபாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு, கழித்தல் குறி இழுவிசையைக் காட்டுகிறது. சூரியகாந்திச் செடியை வைத்துச் செய்த பழைய சோதனைகளிலிருந்து வந்த எண் அது. காட்டு மரங்கள் பலவும் அந்த எல்லையைத் தாண்டியும் நீர் இழுக்கின்றன. அவற்றை அந்த ஒற்றை எண்ணால் அளப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

மார்ச் 6

விடியலுக்கு முன் நான்கு மணிக்கே காட்டுக்குள் போய்விட்டேன். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடிக் கிடப்பதால், விடியும் நேரத்தில் இலையில் உள்ள இழுவிசை, வேர்கள் பரவியிருக்கும் மண்ணின் இழுவிசையோடு ஏறத்தாழச் சமமாகிவிடும். ஆகவே அந்நேரத்து இலை, வேரைத் தோண்டாமலே வேரின் நிலையைச் சொல்லிவிடும். 1965-இல் ஷோலாண்டரும் உடன் ஆய்வாளர்களும் பரவலாக்கிய அழுத்தக் கலத்தையே இன்றும் இதற்குப் பயன்படுத்துகிறோம். இலையைக் கலத்துக்குள் வைத்து, காம்பின் வெட்டுமுனை மட்டும் வெளியே தெரியும்படி மூடி, நைட்ரஜன் வாயுவை மெல்ல ஏற்றினேன். உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டே இருந்தபோது, வெளிறிக் கிடந்த வெட்டுமுனை சட்டென்று கறுத்து, நனைந்து பளபளத்தது. நீரை வெளியே தள்ளத் தேவைப்பட்ட அந்த அழுத்தம், நீரை உள்ளே இழுத்துப் பிடித்திருந்த விசைக்குச் சமம்.

நாவல் இலை ஒன்றில் 2 மெகாபாஸ்கல் வரை ஏற்ற வேண்டியிருந்தது. கார்ச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. அவ்வளவு இழுவிசையில் நீர்த்தொடர் அறுபடாமல் வேரிலிருந்து உச்சிவரை நிற்கிறது என்று 1894-இல் டிக்ஸனும் ஜோலியும் சொன்னபோது பலர் நம்பவில்லை. நம்பாதவர்களைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொடருக்கும் ஒரு வரம்பு உண்டு. மரத்துக்குள் நீர் ஏறுவது நுண்குழாய்களின் வழியே. இழுவிசை கூடிக்கொண்டே போனால் பக்கத்துக் குழாயிலிருந்து காற்று உள்ளே இழுக்கப்பட்டுக் குமிழியாக விரியும். அந்தக் குழாய் அதோடு செயலிழக்கும். குழாய்கள் ஒவ்வொன்றாக அடைபட, மீதமுள்ளவற்றின் மீது சுமை ஏறி, அவையும் அடைபடும்.

மார்ச் 19

மேட்டுக் கருமருதுகள் அனைத்தும் இலையுதிர்த்துவிட்டன. தாழ்விடம் இன்னும் பச்சை.

ஏப்ரல் 3

இன்று நாடாக்களைப் படித்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. ஒரு சொட்டு மழை இல்லாமல், இலையற்று மொட்டையாக நின்ற மேட்டு மரங்களில் பெரும்பாலானவை சற்றுப் பருத்திருந்தன. முதலில் என் கட்டுதலில்தான் பிழை என்று எண்ணினேன். கருமருதின் மரப்பட்டை முதலைத் தோல்போல வெடித்துச் சதுரம் சதுரமாக இருக்கும். இரண்டு மரங்களில் நான் நாடாவைக் கழன்றுவிழ இருந்த செதில்களின் மேலேயே கட்டியிருந்தது உண்மைதான். அவ்விரண்டின் கணக்கையும் அடித்துவிட்டேன். மற்றவை பருத்திருந்தது உண்மைதான்.

யோசித்தால் வியப்புக்கு இடமில்லை. இலைகள் போனதும் நீர் வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிய வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும் நீர் இப்போது அடிமரத்தில் சேர்கிறது. வறண்ட இலையுதிர்காடுகளில் முதல் மழைக்கு முன்பே துளிர் வருவதற்கும் இந்தச் சேமிப்பே காரணம். இலை உதிர்ப்பதைத் தோல்வியாகப் பார்ப்பது நம் பழக்கம். மரத்துக்கு அது கணக்குப் பார்த்துச் செய்யும் செலவுக் குறைப்பு. இலையைத் தக்கவைத்துக்கொண்டு இலைத்துளைகளை மட்டும் மூடினால் குமிழி அடைப்பைத் தள்ளிப்போடலாம். ஆனால் கரியமில வாயு உள்ளே வராது, சேமித்த மாவுச்சத்தைத் தின்றே வாழ வேண்டும். திறந்தால் தாகம், மூடினால் பசி.

ஏப்ரல் 17

தாழ்விடத்தில் ஆறு நாவல் மரங்களின் உச்சி பழுப்பேறிவிட்டது. மேட்டில் துளிர் எட்டிப்பார்க்கிறது. முதல் பக்கத்தில் எழுதியது தலைகீழாகிவிட்டது.

காரணத்தை இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அதைக் காட்டியது, முன்பொரு காற்றில் வேரோடு சாய்ந்து கிடந்த பழைய நாவல் ஒன்று. அதன் வேர்த்தட்டு அகலமாக விரிந்திருந்தது. தடிமனோ என் முழங்கால் உயரத்தை எட்டவில்லை. ஆணிவேர் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. பக்கத்தில் துளைப்பானை இறக்கினேன். முழங்கால் ஆழத்துக்குக் கீழே வந்த மண் சாம்பல் நிறமாக, இடையிடையே துருப்பிடித்தாற்போன்ற செம்புள்ளிகளோடு இருந்தது. மழைக்காலத்தில் நீர் தேங்கி, ஆக்சிஜன் அற்றுப்போய், பிறகு காய்ந்து, மீண்டும் தேங்கும் மண்ணில் இரும்பு எழுதும் எழுத்து அது. வேருக்கும் மூச்சு வேண்டும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் அந்த ஆழத்துக்கு இறங்கிய வேர்கள் மூச்சுமுட்டி அழுகியிருக்கும். மேலேயே நீர் கிடைத்ததால் இறங்க வேண்டிய தேவையும் இருந்திருக்காது. இப்போது நிலத்தடி நீர்மட்டம் கீழே போய்விட்டது. வேர்கள் பழைய இடத்திலேயே நிற்கின்றன.

வளமான ஆண்டுகளில் இந்த மரங்கள் உயரமாக வளர்ந்தன, பெரிய இலைக்கூரையை விரித்தன. மேட்டு மரத்துக்கு அந்த வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை. வறுமைக்கு ஏற்றவாறே அதன் உடல் அமைந்திருக்கிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலையில் ஆழ்துளை தோண்டியபோது 68 மீட்டர் ஆழத்தில் ஒரு மரத்தின் வேரைக் கண்டார்கள். அந்த ஆழத்துக்கு வேரை இறக்கியது வளமல்ல.

மே 4

என் நாற்பது மரங்களைக் கொண்டு உலகத்துக்கே விதி எழுத முடியாது. இருந்தாலும் பெரிய மரங்கள் முதலில் விழுவது வேறிடங்களிலும் கண்டதுதான். அமேசானின் கஷியுவானாக் காட்டில் 2002 முதல் ஒரு ஹெக்டேர் நிலத்தின் மேல் பலகைகள் பரப்பி, இலைகளினூடே விழும் மழையில் சுமார் பாதியை வெளியே திருப்பிவிட்டார்கள். பெருமரங்களே மிகுதியாகச் செத்தன. அவற்றைக் கொன்றது மாவுச்சத்துப் பற்றாக்குறையல்ல, நீர்க்குழாய்களின் செயலிழப்பே என்று முடிவுகள் காட்டின. கலிபோர்னியாவின் 2012–2016 வறட்சியையும் அதைத் தொடர்ந்த காலத்தையும் சேர்த்து 12 கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மடிந்தன. அங்கே கடைசி அடியைக் கொடுத்தவை மரப்பட்டை வண்டுகள். பொண்டரோசா பைன்களில் பெரியவற்றையே அவை தேர்ந்து தாக்கின. நீர் குறைந்த மரத்தால் வண்டை வெளியேற்றப் போதிய பிசினைச் சுரக்க முடிவதில்லை.

மே 28

மாலையில் மழை. தாழ்விடத்துக் களிமண்ணில் கை நுழையும் அளவுக்கு வெடிப்புகள் விட்டிருந்தன. நீர் மேல்மண்ணை நனைக்காமல் அவற்றின் வழியே நேராகக் கீழே ஓடியது. வெடிப்பு விடும்போது மெல்லிய வேர்களும் சேர்ந்து அறுந்திருந்ததை இரு பக்கச் சுவர்களிலும் பார்த்தேன். மேட்டில் சருகின் அடியில் விரலை விட்டால் ஈரம்.

காய்ந்த மண் நனைந்ததும் நுண்ணுயிர்கள் ஒரேயடியாக விழித்துக் கரியமில வாயுவைத் தள்ளும் என்று 1958-இல் பிர்ச் எழுதினார். அப்போது தழைச்சத்தும் விடுபடும். அதை எடுத்துக்கொள்ள மேட்டில் வேர்களும் அவற்றோடு பின்னிய பூஞ்சை இழைகளும் இருக்கின்றன. தாழ்விடத்தில் எடுக்க ஆளில்லாத பந்தியாக அது வீணாகும் என்றே அஞ்சுகிறேன்.

ஜூலை 12

கணக்கு: மேட்டில் இலை விடாத மரம் ஒன்று. தாழ்விடத்தில் ஏழு.

இலை விட்டவையெல்லாம் பிழைத்துவிட்டன என்று கொள்ளவும் முடியாது. உலகெங்கும் 1,338 இடங்களின் மர வளையங்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு, கடும் வறட்சிக்குப் பிறகு ஒன்று முதல் நான்கு ஆண்டுகள் வரை வளர்ச்சி குன்றியே இருந்ததைக் காட்டியது. அடைபட்ட குழாய்களுக்கு ஈடாகப் புதிய வளையம் உருவாகும் வரை மரம் பாதிக் குழாய்களோடுதான் ஓட்ட வேண்டும்.

தாழ்விடத்தில் இலை விடாத அந்த ஏழு மரங்களையும் கத்திமுனையால் கீறிப் பார்த்தேன். ஐந்தில் மரப்பட்டைக்கு அடியில் பழுப்பு. இரண்டு நாவல்களில் தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை மட்டும் ஈரப் பச்சை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. அவ்விரண்டின் நாடாக்களையும் கழற்றாமல் விட்டுவிட்டுத் திரும்பினேன்.