ஃபைபர் படகுச் செய்முறைத் தேர்வு: ஸ்ட்ரிங்கர் பொருத்துவதில் நான் தவறியதும் திருத்திக்கொண்டதும்

படகுப் பழுதுபார்ப்புப் படிப்பின் செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தேறவில்லை. தச்சுவேலை தெரிந்தவன் என்ற நம்பிக்கையோடு போனவன் என்பதால் அந்தத் தோல்வி கூடுதலாகவே உறைத்தது. இந்தத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும், பழைய ஃபைபர் படகொன்றைத் தாங்களே புதுப்பிக்க நினைக்கிறவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால், எங்கே சறுக்கினேன், இரண்டாம் முறை எதை மாற்றிக்கொண்டேன் என்பதை எழுதுகிறேன்.

பழைய படகின் அடிப்பாகத்திலிருந்து அறுத்தெடுத்த, ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள துண்டு ஒவ்வொருவர் முன்னும் வைக்கப்பட்டிருந்தது. அதில் உளுத்துப்போயிருந்த ஸ்ட்ரிங்கரை, அதாவது படகின் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டையை, அகற்றிவிட்டு, 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் புதியதை வெட்டி, வடிவம் கொடுத்து, ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் திரவப் பிசின்) கண்ணாடியிழையும் கொண்டு கட்டி முடிக்க வேண்டும். நான் பலகையின் அடிவிளிம்பை இழைப்புளியால் சீவிச் சீவி, கூட்டின், அதாவது படகின் வெளி உடலின், வளைவோடு ஒரு தாள்கூட நுழையாதபடி பொருத்தினேன். அதன் தலையில் எடையையும் ஏற்றி அழுத்தி வைத்து இழை போர்த்தினேன். மறுநாள் வந்த தேர்வாளர் எதையும் அளக்கவில்லை. துண்டைக் கவிழ்த்து, வெளிப்புற ஜெல்கோட்டின்மீது, அதாவது பளபளப்பான மேற்பூச்சின்மீது, கைவிளக்கைச் சாய்வாகப் பிடித்தார். பளபளப்பின் நடுவே, பலகை அமர்ந்த இடம் முழுவதும் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு தெரிந்தது. “இந்தப் பலகையைப் படகோடு பிடித்து நிறுத்துவது எது?” என்று கேட்டார். கூட்டில் அது நெருக்கமாக அமர்ந்திருப்பதுதான் என்றேன். அந்தப் பதிலோடு என் தேர்வு முடிந்துவிட்டது.

தச்சனுக்கு இடைவெளி என்பது குறை. ஃபைபர் படகில் அது தேவை. அலை மோதும்போது கூடு சற்றே உள்வாங்கி மீள்கிறது; பலகையின் கூர்மையான விளிம்பு நேராகக் கூட்டைத் தொட்டால், வளைவு முழுவதும் அந்த ஒரு கோட்டில் வந்து முட்டி நின்றுவிடும். நாளடைவில் அதே கோட்டில் ஜெல்கோட் கீறும், பிறகு உள்ளே இழையும் விரியும். பலகையைக் கூட்டோடு இணைப்பது இருபுறமும் ஒட்டிப் படரும் இழைப்பட்டைகளே. சுமை அவற்றின் வழியாகத்தான் அகன்ற பரப்புக்குப் பரவுகிறது. நுரையை உட்கருவாக வைத்துச் செய்யும் ஸ்ட்ரிங்கரை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்: அங்கே நுரை வெறும் அச்சுதான், வலு முழுவதும் மேலே போர்த்திய இழையிலிருந்து வருகிறது. உயரத்துக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. அகலம் மாறாமல் உயரம் இருமடங்கானால் வளையாத்தன்மை எட்டு மடங்காகும் என்ற கணக்கை வாய்மொழித் தேர்வில் ஏறக்குறைய எல்லோரிடமும் கேட்டார்கள்.

இரண்டாம் முறை, வெட்டும் கருவியை எடுப்பதற்கு முன்பே அரை நாளை அளவெடுப்பதில் செலவிட்டேன். முழுப் படகில் இந்த நிலையின் முக்கியத்துவம் பல மடங்கு. பழைய தாங்குகட்டைகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிய்த்தெடுத்தால் கூடு தன் எடையாலேயே தொய்ந்து வடிவம் மாறிவிடும்; அந்தத் தொய்வின்மேல் புதியவற்றைக் கட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். ஆகவே படகைப் பல இடங்களில் தாங்கும்படி தொட்டிலில் அமர்த்தி, ரசமட்டம் பார்த்து, முன்னும் பின்னும் நூல் கட்டி, நூலிலிருந்து பழைய ஸ்ட்ரிங்கரின் மேல்விளிம்புக்கு உள்ள ஆழத்தைக் குறித்த தூரங்களில் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எஞ்சின் அமரும் இடங்களின் உயரத்தையும் இடைவெளியையும் தனியாகக் குறிக்க வேண்டும். அதன் பிறகும் ஒன்றை எடுத்து, புதியதைக் கட்டி, அது இறுகிய பிறகே அடுத்ததில் கைவைப்பது நல்லது.

உளுத்த பலகையை அச்சாக வைத்துப் புதியதை வரைய எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது துண்டுதுண்டாகத்தான் வெளியே வரும். நான் அட்டையை ஏறத்தாழ வடிவத்துக்கு வெட்டிக் கூட்டின்மேல் செங்குத்தாக நிறுத்தினேன். காம்பஸின் முள் கூட்டைத் தொட, பென்சில் அட்டையைத் தொட, காம்பஸைத் திருப்பாமலும் சாய்க்காமலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இழுத்தேன். கூட்டின் மேடுபள்ளம் அப்படியே அட்டையில் இறங்கியது. இதில் கை சற்றே சாய்ந்தால்கூடக் கோடு பொய் சொல்லும்; எனக்கு மூன்று அட்டைகள் வீணாயின. அட்டை சரியாக அமர்ந்த பிறகு, பிளைவுட்டில் வரையும்போது அடிவிளிம்பை 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வரைந்தேன். கூடு சரிந்து போகும் கோணத்துக்கு ஏற்ப அடிவிளிம்பைச் சாய்த்துச் சீவினேன். மேல் விளிம்புகள் இரண்டையும் உருட்டினேன். கண்ணாடியிழை கூர்மூலையில் மடங்காது, துள்ளி எழுந்து அடியில் காற்றுப்பையை உண்டாக்கிவிடும். பலகை நீளம் போதாவிட்டால், மெல்லிய பிளைவுட் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டி, இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் மாற்றி வைக்கலாம்; அல்லது தடிமனைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வாகச் சீவி ஒட்டலாம்.

கூட்டைத் தேய்க்கும் வேலையைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. 40 எண் உப்புத்தாள் பூட்டிய கிரைண்டரால், வண்ணமும் எண்ணெயும் போய் வெற்று இழை தெரியும்வரை தேய்க்க வேண்டும். சுவாசக் கவசம், கண்ணாடி, முழுக்கை உடை இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அசிட்டோனால் துடைப்பது தேய்ப்பதற்கு முன்பும் வேண்டும். தேய்த்த பிறகு மட்டும் துடைத்தால், மேலே இருந்த மெழுகையும் எண்ணெயையும் தேய்க்கும்போதே கீறல்களுக்குள் அமுக்கியிருப்போம்.

பலகையின் அடியில் மெல்லிய நுரைப்பட்டையை இட்டு அதன்மேல் பலகையை நிறுத்தினேன். கெட்டி ரெசினில் அமர்த்துவதும் வழக்கம்தான். நுரை அழுந்திக் கொடுக்கும் என்பதால் எனக்கு அது பிடித்துப்போனது. அதற்கு முன் பலகையின் எல்லாப் பக்கங்களுக்கும், குறிப்பாக வெட்டுமுனைகளுக்கு, மரம் குடிப்பதை நிறுத்தும்வரை எப்பாக்ஸி ரெசின் தடவினேன். பிறகு எப்பாக்ஸியில் சிலிக்காத்தூளும் நறுக்கிய இழையும் கலந்து, பற்பசையைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, பலகையும் கூடும் சேரும் மூலையில் வட்டமுனைக் கரண்டியால் வழித்து ஃபில்லட், அதாவது குழிவான மூலைப்பூச்சு, இட்டேன். ஃபில்லட் இறுகிக் கல்லாகும்முன், விரல் வைத்தால் பதியும் பதத்திலேயே முதல் இழைப்பட்டையை வைத்துவிட்டால் தேய்க்கும் வேலை மிச்சம், ஒட்டும் பலமும் கூடும். அடுத்தடுத்த பட்டைகளின் ஓரங்கள் ஒரே கோட்டில் முடியாமல் படிப்படியாக இறங்க வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில் முடிந்தால், தவிர்க்க நினைத்த அதே கடினக்கோட்டை நாமே இன்னோரிடத்தில் உண்டாக்கியவர்களாவோம்.

ரெசின் பற்றிய கேள்விகளில் பலர் இடறினார்கள். பாலியெஸ்டர் ரெசினில் ஹார்டனரை, அதாவது இறுகவைக்கும் திரவத்தை, சுமார் 1 முதல் 2 சதவீத எல்லைக்குள் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றலாம்; எப்பாக்ஸியில் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தை மாற்றினால் அது என்றுமே முழுதாக இறுகாது. நறுக்கிய இழைகளை விரிப்பாக்கிய சாதாரண மேட்டில், இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரையும், எப்பாக்ஸியில் கரையாது. ஆகவே எப்பாக்ஸிக்கு, இரு திசைகளில் இழைகளை அடுக்கி நூலால் தைத்த பையாக்ஸியல் துணியே பொருந்தும். பாலியெஸ்டரின் ஹார்டனரையும் முடுக்கியையும் நேரடியாகச் சேர்த்தால் வெடிக்கும் என்பது கட்டாயக் கேள்வி. கலந்த ரெசினை ஆழமான டப்பாவில் விட்டுவைத்தால் தானே சூடேறிப் புகையும். அகன்ற தட்டில் ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிங்கரில் தண்ணீர் வடியும் துளைகளை நான் முதல் முறை மறந்தே போயிருந்தேன். பழைய ஸ்ட்ரிங்கர் உளுத்ததற்குக் காரணமே அந்தத் துளைதான். துளையிட்டவர் அதன் உட்சுவரை மூடாமல் விட்டிருந்தார். தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, கெட்டி எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் நடுவில் மீண்டும் துளைத்தால் மரம் எங்கும் வெளித்தெரியாது. பின்னாளில் இறக்கும் ஒவ்வொரு திருகாணிக்கும் இதே முறைதான்.

இரண்டாம் முறை தேர்வாளர் விளக்கைப் பிடித்தபோது ஜெல்கோட்டில் கோடு எதுவும் இல்லை. பிறகு ஒரு நாணயத்தை எடுத்து ஃபில்லட் ஓரமாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று வந்த ஓசை ஓரிடத்தில் மட்டும் மழுங்கியது. அந்த இடத்தைச் சுற்றி நான் முந்தைய மாலையே பென்சிலால் வட்டமிட்டு, அடியில் காற்று இருப்பதாகவும், தேய்த்தெடுத்து மறுபடி கட்ட நேரமில்லை என்றும் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். அவர் அதைப் படித்தார், மதிப்பெண்ணைக் குறைத்தார், தேர்ச்சி என்று எழுதினார்.