முதலில் நகல், அப்புறம் அசல்

மார்ச் 2, 2024, சனி

அக்கா மகன் வந்திருக்கிறான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கிட்டார் பழகுகிறான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டெலிவிஷன் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'மார்க்கீ மூன்' போட்டேன். இரண்டு கிட்டார்களும் ஒன்றுக்கொன்று குறுக்கே பேசிக்கொண்டே நுழையும் அந்த ஆரம்பம் முடிவதற்குள் கேட்டுவிட்டான்: "என்ன மாமா, அப்படியே ஸ்ட்ரோக்ஸைக் காப்பி அடிச்சிருக்காங்க?"

"இது 1977டா. ஸ்ட்ரோக்ஸின் முதல் ஆல்பமே 2001ல்தான்" என்றேன். அசடு வழிந்தான். நான் அவ்வளவு சிரித்திருக்கக் கூடாது. இருபது வருடம் முன்னால் முதல் தடவை கேட்டபோது எனக்கும் இதேதான் தோன்றியது. வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 3, ஞாயிறு

நேற்றைய பேச்சின் தொடர்ச்சியாகக் காலையில் நியூயார்க் குழுவான ஸ்ட்ரோக்ஸ். 2001 ஜனவரியில் லண்டனின் ரஃப் டிரேட் நிறுவனம் இவர்களுடைய மூன்று பாட்டுகளை மட்டும் ஒரு குட்டித் தட்டாக வெளியிட்டது. முழு ஆல்பம் வரவே இன்னும் பல மாதம் இருந்தது. அதற்குள் பிரிட்டனின் இசை வாரப் பத்திரிகையான என்.எம்.இ., ராக் இசைக்கே உயிர் கொடுக்க வந்தவர்கள் இவர்கள்தான் என்று தலையில் தூக்கி வைத்து ஆடியது.

ஆல்பத்தை நியூயார்க்கில் ஈஸ்ட் வில்லேஜ் பக்கம் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஸ்டுடியோவில் கோர்டன் ரஃபேல் பதிவு செய்தார். பாடகர் காசபிளாங்காஸின் குரலை வீட்டில் வைத்துப் பழகுகிற சின்ன கிட்டார் ஒலிபெருக்கி ஒன்றின் வழியாக விட்டார்கள். பழைய டெலிபோனில் பேசுவதுபோல் கரகரவென்று இருப்பது அதனால்தான். 1967இல் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் முதல் தட்டில் கேட்கும் அழுக்குக்குக் கையில் காசு இல்லாததும் ஒரு காரணம். ஸ்ட்ரோக்ஸுடையது புது ஜீன்ஸைக் கல்லில் தேய்த்து வெளுக்க வைத்து விற்பது மாதிரி. ஆனாலும் பாட்டுகள் நன்றாக இருக்கின்றனவே, அதை என்ன செய்ய?

மார்ச் 6, புதன்

ஆபீஸ் போகும் பஸ்ஸில் இன்டர்போல் குழுவின் முதல் ஆல்பம், 2002. அந்தக் காலத்து விமர்சனங்களில் மான்செஸ்டரின் பழைய குழுவான ஜாய் டிவிஷன் பெயர் வராத ஒன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இன்டர்போல் பாடகர் பால் பேங்க்ஸின் கனத்த குரல் ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸை ஞாபகப்படுத்துகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பேஸ் கிட்டார் ஓடுகிற ஓட்டமும் கிட்டார்கள் மேலே மினுங்குகிற விதமும் மான்செஸ்டர்க்காரர்களிடம் இல்லாதவை. விமர்சகர்கள் குரலைக் கேட்டதும் பேனாவைத் திறந்துவிட்டார்கள் போல.

மார்ச் 9, சனி

என்.எம்.இ.யின் வாராந்தர அச்சு இதழ் நின்று இன்றோடு ஆறு வருடம். (போன வருடம் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று அச்சில் திரும்பியிருக்கிறது.) நின்றபோது வருத்தப்பட்டேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

வாரப் பத்திரிகைக்கு வாரம் ஒரு அட்டை வேண்டும். ஊரில் அத்தனை நல்ல குழுக்கள் இல்லையென்றால் பத்திரிகைதான் உண்டாக்க வேண்டும். 1992 ஏப்ரலில் இன்னொரு இசை வாரப் பத்திரிகையான மெலடி மேக்கர், சுவேட் குழுவை பிரிட்டனின் தலைசிறந்த புதுக் குழு என்று அட்டையில் போட்டது. அப்போது அவர்களுடைய ஒரு பாட்டுகூடக் கடைக்கு வந்திருக்கவில்லை.

பழையவர்கள் தாமாக முளைத்தவர்கள், புதியவர்கள் பத்திரிகை பெற்ற பிள்ளைகள் என்று இவ்வளவு நாள் மனதில் கோடு கிழித்து வைத்திருந்தேன். அதில் ஒரு ஓட்டை. 1977இல் 'மார்க்கீ மூன்' ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடியது யார்? அதே என்.எம்.இ., விமர்சகர் நிக் கென்ட் எழுதியது. பிரிட்டனில் அந்த ஆல்பம் 28ஆம் இடம் வரை ஏறியது. சொந்த ஊரான அமெரிக்காவில் பட்டியலிலேயே வரவில்லை. தாரை தப்பட்டை அன்றைக்கும் இருந்தது. கூட்டம்தான் சேரவில்லை. கூட்டம் சேராததையா நான் தூய்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 10, ஞாயிறு

மருமகனுக்கு ஒரு சோதனை வைத்தேன். முதலில் தொண்ணூறுகளின் எலாஸ்டிகா குழுவின் 'கனெக்ஷன்', அடுத்தது வயர் குழுவின் 'த்ரீ கேர்ள் ரம்பா', 1977. ஐந்து வினாடிகூட ஆகவில்லை. "மாமா, இது திருட்டு!" விஷயம் கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்ந்தது என்றேன். அவனுக்கு அது போதவில்லை.

அப்புறம் வயரின் இன்னொரு கதையைச் சொன்னேன். 1987இல் அமெரிக்கச் சுற்றுப்பயணம். பழைய பாட்டுகளை வாசிக்க அவர்களுக்கு இஷ்டமில்லை, ரசிகர்களுக்கோ அவைதான் வேண்டும். எக்ஸ்-லயன் டேமர்ஸ் என்று வயர் பாட்டுகளை மட்டுமே வாசிக்கும் ஒரு குழு இருந்தது. அவர்களையே கூட்டிக்கொண்டு போய், எங்கள் முதல் ஆல்பத்தை நீங்கள் வாசித்து முடியுங்கள், நாங்கள் பிறகு வந்து புதுசு வாசிக்கிறோம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நகல் குழுவில் டிரம்ஸ் வாசித்த ஜிம் டெரோகாடிஸ் பின்னாளில் பேர் பெற்ற இசை விமர்சகர்.

"காப்பி அடிக்கிறதுக்குச் சம்பளமா!" என்று வாயைப் பிளந்தான். சாயங்காலம் ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு நிசப்தமாக இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

தனியாக கேங் ஆஃப் ஃபோர் குழு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்காரர்கள். 1979இல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' என்ற டிவி இசை நிகழ்ச்சிக்குப் போய், பாட்டில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்காக வெளியேறியவர்கள். அவர்களில் ஆண்டி கில்லின் கிட்டார் மீட்டுவதில்லை, வெட்டும். 2004 வாக்கில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட், ஃப்யூச்சர்ஹெட்ஸ் குழுக்கள் என்று அந்த வெட்டுக் கிட்டாரைக் கையில் எடுத்த பிள்ளைகள் பெயர் வாங்க, பத்திரிகைகளும் பழைய பெயரைத் தோண்டி எடுத்தன. பழைய நால்வரும் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள். 2005இல் தங்கள் பாட்டுகளையே புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார்கள். பழைய பதிவுகளால் அவர்களுக்குப் பெரிதாகக் காசு வந்ததில்லை. அடுத்தவன் காப்பி அடித்துச் சம்பாதிக்கும்போது தன்னைத் தானே காப்பி அடித்தால் என்ன? டிரம்ஸ் துல்லியமாக, பலமாக விழுகிறது. ஆனாலும் நான் 1979க்கே திரும்பிப் போனேன்.

ராத்திரி மருமகனிடமிருந்து வாட்ஸப். நண்பர்களோடு குழு ஆரம்பித்திருக்கிறானாம், நாற்பது வினாடி ஒலிப்பதிவு. கனத்த குரல், மினுங்கும் கிட்டார். 'அப்படியே இன்டர்போல்' என்று டைப் செய்தேன். அழித்தேன். இன்னொரு தடவை கேட்டுவிட்டு, 'டிரம்ஸ் யாருடா?' என்று அனுப்பினேன்.