கேத்தி ஏற்றத்துக்கு 32 பல்

கேத்தி பள்ளத்தாக்கிலிருந்து உதகைக்கு மிதிவண்டியிலேயே வேலைக்குப் போய்வர விரும்பி, என் 26 அங்குல வண்டியில் 24 வோல்ட், 250 வாட் மோட்டாரைப் பொருத்தினேன். பதிவு தேவைப்படாத வண்டியாக இருக்க வேண்டும் என்பதால் இதைவிடப் பெரிய மோட்டாரை நாடவில்லை. உடன் வந்த பல்சக்கரங்கள் மோட்டாரில் 9 பல்லும் பின்சக்கரத்தில் 16 பல்லும் கொண்டவை. மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 300 முறை சுற்றுவதால், சமதளத்தில் இந்த விகிதம் ஏறக்குறைய 21 கி.மீ. வேகம் தந்தது. ஏற்றத்திலோ இரண்டாம் வளைவைத் தாண்டுவதற்குள் மோட்டார் தொட முடியாதபடி சுட்டது.

பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். நானும் ஏறத்தாழ அதற்குப் பணம் கட்டிவிட இருந்தேன். நல்லவேளையாக, கொத்தனார் ஒருவரிடம் ரசமட்டத்தை இரவல் வாங்கி, ஒரு மீட்டர் சட்டத்தின் மேல் வைத்துச் சாலையை அளந்தேன். மட்டம் நிலைக்கச் சட்டத்தின் கீழ்முனையை 8 செ.மீ. தூக்க வேண்டியிருந்தது, அதாவது நூற்றுக்கு எட்டு ஏற்றம். குன்னூர் மலை ரயில் பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் 12-க்கு 1 என்ற சரிவும் ஏறக்குறைய இதுதான். நானும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. அந்தச் சரிவில் இந்த எடையை 21 கி.மீ. வேகத்தில் ஏற்ற 500 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு திறன் இல்லாத மோட்டார் சுற்று குறைந்து திணறும்போது, உள்ளே பாயும் மின்சாரத்தில் பெரும்பகுதி இயக்கமாகாமல் வெப்பமாகிவிடுகிறது. குறை பேட்டரியில் இல்லை, பல் எண்ணிக்கையில்தான் இருந்தது.

பின்சக்கரத்தில் 32 பல் வைத்தால் அதே 300 சுற்றுக்கு வேகம் பத்தரை கி.மீ. ஆகும், தேவை சுமார் 255 வாட்டாகக் குறையும், அதிலும் ஒரு பங்கை என் கால்கள் கொடுத்துவிடும்.

கணக்கைவிடப் பொருத்துவதே கடினமாக இருந்தது. மோட்டார் செயின் இடப்பக்கம் ஓடுவதால், வழக்கமான வலப்புரி மரையில் மாட்டிய பல்சக்கரம் இழுக்க இழுக்கக் கழன்றுவிடுகிறது. எனக்கும் முதல் நாளே அப்படித்தான் ஆனது. பிறகு லேத் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து, மோட்டார் நின்றாலும் சக்கரத்தைத் தடையின்றிச் சுழலவிடும் இடப்பக்க ஃப்ரீவீலோடு 32 பல் தகட்டைச் சேர்த்து, டிஸ்க் பிரேக்குக்கான ஆறு துளைகளில் போல்ட் போட்டு இறுக்கினோம். பின் டிஸ்க் பிரேக்கை இழந்தது எனக்கு வருத்தமே. மலையிறக்கத்தில் பிரேக்கில் சமரசம் கூடாது என்பதால், விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கைப் புதுக் கட்டைகளுடன் பொருத்திய பிறகே வண்டியைச் சாலையில் இறக்கினேன்.

இப்போது மிதித்துக்கொண்டே ஏறினால் மேலே சேரும்போது மோட்டாரின் மேல் கையை வைத்திருக்க முடிகிறது. சமதளத்தில் பத்தரை கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் உதவாது. அங்கே கால்களே போதும். குன்னூர் நண்பரின் பாதையில் ரசமட்டம் 5 செ.மீ.தான் காட்டியது. அவருக்கு 24 பல் சரியாக இருக்கும், வேகமும் 14 கி.மீ. வரை கிடைக்கும் என்று கணக்கிட்டிருக்கிறோம். அவருக்கான வளையத்தைப் பட்டறையில் கடைந்துகொண்டிருக்கிறார்கள்.